டூர் போறதுக்கு முன்னாடி கிழமையைப் பாருங்க!



சுற்றுலா நோட்டீஸ் வந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை இடம்?" என்பதுதான். "என்னிக்குப் போறோம்?" என்று யாருமே கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

போன வருஷம் சென்னை டூரில் மூன்று நாளில் ஒன்பது இடம் என்றார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிதான் வார விடுமுறை! ஏற்பாடு செய்தவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

"ஒரு இடம்தானே, போகட்டும்" என்று விட முடியுமா? நம்மில் பலருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். 2007-ல் 1 ரூபாய் ஆன தீப்பெட்டி, 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பரில்தான். டூர் கட்டணம் 1,500 ரூபாய் என்றால் அது 750 தீப்பெட்டியின் விலை. அந்த விலையும் முழுசாக நம் வீட்டுக்கு வருவதில்லை. அப்படி வந்த காசு பூட்டின கேட்டோடு போகலாமா?

இன்னொரு விஷயம். அந்த அருங்காட்சியகத்தில் இருப்பது நம்ம மாவட்டத்துப் பொருள்! தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1900 வாக்கில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொற்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்புக் கருவிகள் எல்லாம் சென்னைக்குப் போயின. பெர்லின் நமக்கு எட்டாது. எழும்பூர் எட்டும். அதையும் விட்டுவிட்டு வந்தால் எப்படி?

அதனால் என் யோசனைகள்:

1. கிழமை பார்க்கணும். எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். பெரம்பூர் பக்கம் உள்ள ரயில் மியூசியத்துக்குத் திங்கள். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. ஆக, செவ்வாய் ராத்திரி ரயிலேறி, புதனும் வியாழனும் சுற்றிப் பார்ப்பதே நல்லது. கிளம்பும் முன் போன் போட்டு எந்தெந்தக் கூடம் திறந்திருக்கு என்றும் கேட்டுக்கணும்.

2. டிக்கெட். முன்பு 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். ஒரு படிவத்தில் 6 பேர்தான் எழுத முடியும். வகுப்போடு போவதானால் பள்ளிக் கடிதம் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்கணும். கல்விச் சுற்றுலாவுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதையும் அப்போதே கேட்டு வாங்கணும்.

3. முதலில் ஆதிச்சநல்லூர். 2023-ல் அங்கேயே மியூசியம் திறந்திருக்கிறார்கள். தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அதைப் பார்த்தவனுக்கு எழும்பூரில் என்ன தேடணும் என்று தெரியும்.

"நிறைய இடம் பார்த்தால்தானே காசுக்கு மதிப்பு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது பார்ப்பதாகுமா? எழும்பூர் மியூசியம் மட்டுமே பல கட்டடம். சோழர் கால நடராசர் சிலைகள், அமராவதிச் சிற்பங்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்க இருக்கு. ஒன்பது இடத்தில் இறங்கி ஏறுவதைவிட நாலு இடத்தை நின்று பார்ப்பது மேல்.

கடைசியாக, முக்கியமானது. போன தடவை ஒரே வாரத்தில் 1,500 ரூபாய் கேட்டதால் எங்கள் வகுப்பில் 11 பேர் வரவில்லை. மானாவாரிக் காட்டை நம்பி இருக்கிற வீட்டில் திடீர் என்று கேட்டால் எங்கே போவார்கள்? ஜூன் மாசமே தேதி சொல்லிவிட்டால் ஜனவரி வரைக்கும் மாசம் இருநூறு, இருநூறாகக் கட்டிவிடலாம். முன்கூட்டித் திட்டம் போடுவது டிக்கெட்டுக்காக மட்டும் இல்லை, அந்த 11 பேருக்காகவும்தான்.

ஆசிரியப் பெருமக்களும் மாணவர் மன்றமும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். நண்பர்களே, மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்!

— 9-ஆம் வகுப்பு மாணவி