ஒலியைச் சொல்வது இடம்

வல்லின எழுத்து ஒவ்வொன்றும் பல ஒலிகளைச் சுமப்பதால் தமிழுக்குப் புதிய எழுத்துகள் வேண்டும் என்னும் வாதம், சொல்லில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது என்ற அடிப்படையைத் தவறவிடுகிறது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்படும், அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரில் முதல் ககரம் குரல்நாண் அதிராத ஒலியாகவும், ஙகர மெய்யை அடுத்த ‘கு’ அதிர்வொலியாகவும் வருகின்றன, ‘அரசு’ என்பதில் மெலியும் சகரம் ‘குறிச்சி’யில் இரட்டித்து வன்மை பெறுகிறது, இவற்றை அவ்வூர்ச் சிறுவர் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. கேலிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரிஷிலும் ‘பி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வகரத்தை ஒத்த ஒலியைத் தருகின்றன. அதன் நுட்ப வேறுபாட்டைப் பக்கத்து உயிரெழுத்துகளே காட்டுகின்றன. ஆங்கிலக் கண்ணோடு பார்ப்பவருக்கே அது குழப்பம்.

‘காந்தி’ போன்ற கடன்சொற்களின் முதலெழுத்தில் தமிழ் விதி தளர்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளை ஏற்ற தமிழ், ககர அதிர்வொலிக்குத் தனியெழுத்தை ஏற்கவில்லை, அப்பெயரைப் படிப்போர் தடுமாறவும் இல்லை.