தப்பில் பாதி யாருக்கு?

பொதட்டூர்பேட்டை தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் சேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு காண்டிராக்டில் பிரஸ் ஓட்டப் போன என் தம்பி மூன்று விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். இ.எஸ்.ஐ.யில் பெயர் இல்லை. கேட்கப் போன என்னிடம் ஆபீசில் சொன்னார்கள்: "பராக்கு பாத்துட்டான். தப்புல பாதி அவன் மேல. பாதிப் பணம் வாங்கிக்க. உங்க ஆளுங்களே இப்படித்தான்."

'உங்க ஆளுங்க' என்றால் யாரென்று நமக்குத் தெரியாதா? கவனக்குறைவு என்ற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நட்டஈட்டுச் சட்டத்தில் இந்தப் பாதிக் கணக்கே கிடையாது. 1923 சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் முதலாளி தப்பிக்க மூன்றே சாக்கு: போதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றுவது. சாவுக்கும் முழு ஊனத்துக்கும் அதுவும் செல்லாது. கண் அசந்தது இதில் எங்கே வருகிறது? பீஸ் குறையுதென்று மூடியைக் கழட்டச் சொன்னவன் யார்?

மெஷின் செய்தவனைக் கேட்கலாமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவைப் படியுங்கள். வேலையிடத்துக்கு வாங்கிய மெஷினென்றால் முதலாளியிடம் எச்சரித்தாலே போதும். 'எச்சரிக்கவில்லை' என்று அவன்மேல் வழக்குப் போக முடியாது. எச்சரிக்கை முதலாளி மேஜைக்குள். விரல் மெஷினுக்குள்.

லாபத்தில் பங்கு தராதவன் தப்பில் மட்டும் பங்கு தருகிறான். தோழர்களே, 'என் தவறால் நேர்ந்தது' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். என் தம்பி மிச்ச விரலால் போட்டுவிட்டான்.