குழுநிலையில் முழங்கிப் பயனில்லை

வரவு செலவுத் திட்டம் வரும்போதெல்லாம், போரில் அவயவம் இழந்தோரைப் பற்றி நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் குழுநிலை விவாதத்தில் உருக்கமாகப் பேசுகின்றனர். பேச்சு ஹன்சாட்டில் ஏறுகிறது. ஒதுக்கீட்டில் ஒரு சதமும் ஏறுவதில்லை.

காரணம் அரசியலமைப்பிலேயே உண்டு. திரட்டு நிதியத்தின் மீது செலவைச் சுமத்தும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சர் ஒருவர் மட்டுமே, அதுவும் அமைச்சரவையின் அங்கீகாரத்துடனேயே, கொண்டுவரலாம் என்கிறது 152ஆம் உறுப்புரை. திட்டம் சபைக்கு வந்தபின் தனி உறுப்பினர் புதிய செலவு எதனையும் சேர்க்க இயலாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின் அரிசி கேட்பதால் ஆவதென்ன? கேட்கவேண்டிய காலம், திறைசேரி மதிப்பீடுகளைத் தயாரிக்கும் மாதங்களேயாகும்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது, காயங்கள் முடியவில்லை. முதுகெலும்பு முறிந்தவருக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் நாள்தோறும் உள்ள ஆபத்துகள். செயற்கைக் காலோ சில ஆண்டுகளில் தேய்ந்து, மாற்றவேண்டியதாகிறது. இத்தகையோர் தாமே கூடிச் சங்கங்கள் அமைத்து, வீடு வீடாகச் சென்று புண்ணுக்கு மருந்திடுகின்றனர், தொழில் பழக்குகின்றனர், மனம் உடைந்தவருக்குத் துணையிருக்கின்றனர். அச்சங்கங்கள் பெரிதும் புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்திலும் தருமவான்களின் கொடையிலுமே நடக்கின்றன. கொடை நின்றால் மருந்தும் நிற்கும்.

படையினருக்கென 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவை அதிகார சபை நிறுவப்பட்டது. அதை நாம் குறைகூறவில்லை. காயமுற்றவனைக் காப்பது அரசின் கடன். அக்கடன் எங்கே முடிகிறது என்பதே நம் கேள்வி. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைத்து, தனியாளுக்கு மட்டுமன்றிக் கூட்டாகவும் இழப்பீடு வழங்க வழிசெய்துள்ளது. சட்டத்தின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே பணம் வேண்டும்.

அரசுக்கெதிராக ஆயுதம் ஏந்தியோருக்கு அரச பணமா என்று சிலர் கேட்பர். ஏறத்தாழ 12,000 பேருக்குப் புனர்வாழ்வு அளித்துச் சமூகத்திடம் ஒப்படைத்ததாகக் கூறியது அரசே. ஒப்படைத்த பின் அவர்கள் குடிமக்கள் அல்லரோ? அன்றியும், ஆயுதத்தைத் தொட்டறியாத தாயையும் குழந்தையையும் எறிகணை விலக்கிவிடவில்லை. வலுவிழந்தோருக்கு விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவ உரிமை தடுக்காது என 12ஆம் உறுப்புரை தெளிவாகவே உரைக்கிறது.

நாம் கோருவது இதுவே: போரில் வலுவிழந்தோரின் பதிவுபெற்ற சங்கங்கள் நடத்தும் பராமரிப்பு, தொழிற்பயிற்சி, உளவளத்துணைப் பணிகளுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும். கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கட்டும். நம் உறுப்பினர்கள் கட்சி பேதம் விட்டு, ஒரே கோரிக்கையாக, மதிப்பீடுகள் முடியுமுன் நிதியமைச்சரைச் சந்திக்க வேண்டும்.

வெறுங்கையோடு அவர்களை அனுப்பலாகாது. கமக்காரர் அமைப்புகள் தத்தம் கிராமத்தில் காயமுற்றோரின் தொகையையும் தேவையையும் திரட்டித் தரட்டும். சட்டத்தரணிகளும் கணக்காளரும் சங்கங்களின் யாப்பையும் கணக்கேடுகளையும் ஊதியமின்றிச் சீர்செய்து கொடுக்கட்டும். எண்ணிக்கையோடு செல்லும் கோரிக்கையை அமைச்சர் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. அதன் பின்னும் தட்டிக்கழிப்பாராயின், குழுநிலையில் முழங்குவதற்கு அப்போது பொருளுண்டு.