ஒரு குவளைக்காக 20 நாள்

ஸ்டேன் சுவாமியை மறந்திருக்க மாட்டீர்கள், தோழர்களே. 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. பார்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழலும் குவளையும் கேட்டு நீதிமன்றம் போனார். பதில் சொல்லவே விசாரணை முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலையில், பிணை கிடைக்காமலே காவலில் இறந்தார். விசாரணையே தொடங்காத ஒருவருக்கு அது என்ன தண்டனை?

தமிழ்நாட்டுச் சிறையில் அவதிப்பட்ட மாற்றுத்திறனாளி வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிறைக்குள் வரும்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், சாய்தளமும் அவர்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் வேண்டும்.

ஸ்டேனுக்காக நாடே பேசியது. பிணைப் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடக்கும் நம் சேரித் தம்பிக்காக யார் பேசுவார்கள்? தீர்ப்பு தானாக மதில் தாண்டி உள்ளே போகாது. உங்கள் ஊர்ச் சிறையில் எத்தனை மாற்றுத்திறனாளிகள், எத்தனை சாய்தளங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்கு 10 ரூபாய்தான்.