ஐந்து மில்லி வோல்ட்டின் பயணம்

கேரள எல்லையில் இருக்கும் வெள்ளறடையிலும் சரி, அதை ஒட்டிய பனச்சமூடு சந்தைப் பக்கமும் சரி, கோயில் கொடை என்றாலும் மாதா கோயில் திருவிழா என்றாலும் ஒரு காலத்தில் முதலில் வந்து இறங்கியது மைக் செட்தான். தென்னை உச்சியில் புனல் ஸ்பீக்கர் ஏறும். கீழே பெஞ்சின் மேல் இசைத்தட்டு சுழலும். ஆம்ப்ளிஃபயருக்குள் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். 1956 நவம்பர் 1-ம் தேதி திருவிதாங்கூர் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மைக் செட்டுக்கு மட்டும் எல்லை இருக்கவில்லை. வால்வு என்ற சொல்லும் இரு மொழியிலும் ஒன்றாகவே இருந்தது.

அந்த இசைத்தட்டுகள் பின்னர் பரணுக்குப் போயின; பல பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குப் போயின. 1990-களின் தொடக்கத்தில் கேசட் அவற்றை முற்றாக ஒழித்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன; சிடிக்கள் 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு இசைத்தட்டு சிடியை எண்ணிக்கையில் முந்தியது அதுவே முதல் முறை. அந்த அலை இங்கேயும் வந்துவிட்டது. தாத்தாவின் தட்டுகளைத் தூசி தட்டி எடுக்கும் பேரப்பிள்ளைகள் புது டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி ஆம்ப்ளிஃபயரில் இணைக்கிறார்கள். கேட்பது கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய, கீச்சென்ற ஓசை.

இடையில் ஒரு பெட்டி வேண்டும் என்று அப்போதுதான் தெரிகிறது. அதன் பெயர் ஃபோனோ ப்ரீ-ஆம்ப்ளிஃபயர். கடையில் வாங்கலாம். ஆனால் "நானே செய்கிறேன், அதுவும் வால்வு வைத்து" என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்.

முதலில் அந்தப் பெட்டியின் வேலை என்ன என்று பார்ப்போம். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது, காந்த வகை கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லி வோல்ட். டார்ச் லைட் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முந்நூறில் ஒரு பங்கு. ஆம்ப்ளிஃபயருக்கு ஏறத்தாழ அரை வோல்ட் வேண்டும். ஆக, நூறு மடங்கு பெருக்க வேண்டும்.

பெருக்கினால் மட்டும் போதாது. தட்டை வெட்டும்போதே தாழ்ந்த ஸ்தாயி ஓசைகளைக் குறைத்தும், உச்ச ஸ்தாயி ஓசைகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். மிருதங்கத்தின் தொப்பியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகிப் பக்கத்துப் பள்ளத்தில் முட்டும். தட்டில் இடமும் போதாது. உச்ச ஓசைகளைக் கூட்டி வெட்டினால், திரும்பக் கேட்கும்போது அவற்றைக் குறைக்கையில் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருந்தது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் ஒரே கணக்கை வகுத்தது. அதன் பெயர்ச் சுருக்கத்தில் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று வழங்கும் அந்தக் கணக்கு பின்னர் உலகமெங்கும் நிலைத்தது. வெட்டும்போது செய்ததைத் தலைகீழாகச் செய்வதுதான் ப்ரீ-ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது வேலை. சில ரெசிஸ்டர்களும் கன்டென்சர்களும் இதைச் செய்துவிடும்.

அடுத்தது வால்வு. ஃப்ளெமிங் 1904-ல் இரு முனை வால்வையும், டி ஃபாரஸ்ட் 1906-ல் மூன்று முனை வால்வையும் உருவாக்கினார்கள். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் ஒரு இழை சூடேற்ற, கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, உயர் மின்னழுத்தம் உள்ள பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. வழியில் நிற்கும் கிரிட் கம்பி வலையில் சிறு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் அந்தப் பாய்ச்சல் பெரிதாக ஏறி இறங்கும். வாய்க்கால் மடையைக் கொஞ்சம் தூக்கினால் வயல் முழுக்கத் தண்ணீர் பாய்வதில்லையா? அதே சங்கதி.

ஃபோனோ வேலைக்கு உலகம் முழுக்கப் பழகிய வால்வு ஈ.சி.சி.83. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. கட்டைவிரல் அளவுக் குழாய்க்குள் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபது மடங்கு பெருக்கும். ஸ்டீரியோவுக்கு இரண்டு குழாய்கள் போதும். அவை இரண்டும் சேர்ந்து தின்னும் மின்சாரம் ஐந்து வாட் அளவுதான். ஆர்.சி.ஏ. கம்பெனியின் பழைய வால்வு கையேட்டிலேயே இதற்கான எளிய சர்க்யூட் உண்டு.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கோவையின் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது. அந்த பி.இ.எல். முத்திரை போட்ட பழைய வால்வுகளை இன்று வெளிநாட்டு ஆர்வலர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். திருவனந்தபுரத்தில் 1973-ல் பிறந்த கெல்ட்ரான், கண்ணூரில் கன்டென்சர் தொழிற்சாலையே வைத்தது. இன்று புது வால்வு வேண்டுமென்றால் ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளைத்தான் பார்க்க வேண்டும். 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, உலகெங்கும் கிதார் வாசிப்பவர்கள் கூடத் தவித்துப் போனார்கள்.

இனி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என்.இ.5532 என்ற சில்லறைக் காசு சிப் ஒன்று இதே வேலையை வால்வைவிடக் குறைந்த இரைச்சலோடும் குறைந்த பிசிறோடும் செய்யும். மீட்டர் வைத்து அளந்தால் வால்வு தோற்கும். வால்வு ஓசையில் ஒரு கனிவு உண்டு என்பார்கள். காதுக்குக் காது மாறும் விஷயம் அது, வழக்காடிப் பயனில்லை.

பின் ஏன் வால்வு? கண்ணால் பார்க்கலாம் என்பதால். சிப்புக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. பழுதானால் தூக்கிப் போட்டு வேறு வைக்க வேண்டியதுதான். வால்வு சர்க்யூட்டில் ஒவ்வொரு பொருளும் விரலால் பிடிக்கும் அளவு. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, மீட்டரில் சரிபார்க்கலாம். தப்பினால் ஏன் தப்பியது என்று கண்டுபிடிக்கலாம். எலக்ட்ரானிக்ஸில் பட்டம் வாங்கியும் ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரியாத பிள்ளைகள் உள்ள நாட்டில் இது சின்ன லாபம் அல்ல.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அது உயிராகவும் இருக்கலாம். ஊசியிலிருந்து வருவது 5 மில்லி வோல்ட். அதே பெட்டியின் மறு மூலையில் நிற்பது 250 வோல்ட் நேர் மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். "ஆஃப் பண்ணிட்டேன்" என்ற நம்பிக்கையில் கை வைப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். மழையிலும் ஈரத் தரையிலும் வெறுங்காலோடு பழகிய தென்கோடி வீடுகளில் இது இரட்டை ஆபத்து. மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருந்தும் எர்த் கம்பி இணைக்காத வீடுகள் எத்தனையோ.

ஆகவே என் யோசனை இது. முதல் முயற்சியாக வால்வைத் தொடாதீர்கள். அந்த மலிவு சிப்பை வைத்துக் குறைந்த வோல்ட்டில் ஒரு ஃபோனோ ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் செய்யுங்கள். அதே ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு, அதே பற்றவைப்பு, அதே இரைச்சல் பிரச்சினை. தவறினால் போவது சிப் மட்டும். அது பாடிய பிறகு வால்வுக்கு வாருங்கள்.

வந்த பிறகு சில விதிகள் உண்டு. மெயின் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக எடுக்கவே கூடாது. ஏ.சி./டி.சி. வகைப் பழைய ரேடியோக்களில் அப்படித்தான் இருந்தது. அவற்றின் தகட்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். உயர் வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காவிட்டால், சாதாரண 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டை முதுகோடு முதுகு இணைக்கலாம். முதலாவது 230-ஐ 12 ஆக்கும். தலைகீழாக இணைத்த இரண்டாவது அதை மீண்டும் சுமார் 200 வோல்ட்டுக்கு ஏற்றும். மெயினோடு நேரடித் தொடர்பு இராது. ஆனால் அந்த 200 வோல்ட்டும் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். தகடு எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும், ஃப்யூஸ் வேண்டும். பெரிய கன்டென்சரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். மொத்தக் கன்டென்சர் 100 மைக்ரோ ஃபாரட் என்றால் இரண்டு நிமிடத்தில் தேக்கம் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மின்சாரம் ஓடும்போது அளப்பதானால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலில் செருப்பு இருக்கட்டும். வீட்டில் வேறொருவர் இருக்கட்டும். துலாவர்ஷத்தில் இடி இடிக்கும் மாலை நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வால்வைச் சொருகாமல் முதலில் மின்சாரம் கொடுத்து வோல்ட்டுகளைப் பாருங்கள். சுமை இல்லாதபோது வோல்ட் ஏறி நிற்கும். ஆகவே கன்டென்சர்கள் 400 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். வால்வு சாக்கெட்டின் ஒன்பது கால்களைக் கீழ்ப்புறத்திலிருந்து பார்த்து, கடிகார முள் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணினால் எல்லாமே இடம் மாறிவிடும். பிறகு வால்வைச் சொருகுங்கள். பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் ஒன்றரை கிலோ ஓம், சப்ளை 250 வோல்ட் என்றால், கேத்தோடில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலோ கீழோ காட்ட வேண்டும். பிளேட்டில் 180 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். அந்த எண்கள் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியின் பெயர் "ஹம்". நம் மெயின் மின்சாரம் 50 சைக்கிள். ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி நடு ஸ்தாயியைவிட அந்த இடத்தில்தான் ஏழு மடங்கு கூட்டிப் பெருக்கச் சொல்கிறோம். எனவே டிரான்ஸ்ஃபார்மரின் காற்று பட்டால்கூட ஸ்பீக்கர் உறுமும். மருந்துகள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்களைத் தனிப் பெட்டியில் வைத்துத் தள்ளி வையுங்கள். வால்வின் இழைக்கு ஏ.சி. கொடுக்காமல், 7812 ரெகுலேட்டர் சிப் மூலம் டி.சி. கொடுங்கள். ஊசியிலிருந்து வரும் கம்பி குட்டையாகவும் வலை போர்த்தியதாகவும் இருக்கட்டும். எல்லாக் கிரவுண்டு கம்பிகளையும் ஒரே புள்ளியில் சேருங்கள். டர்ன்டேபிளின் தனி எர்த் கம்பியை மறக்காதீர்கள்.

தொடங்குமுன் இரண்டு விஷயங்கள். வீட்டில் இருப்பது பழைய ரெக்கார்ட் பிளேயர் என்றால், அதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கக்கூடும். அது தானே போதுமான வோல்ட் தரும். இந்தப் பெட்டியே தேவையில்லை. இன்னொன்று, பரணில் இருப்பது 78 சுழற்சித் தட்டுகள் என்றால், சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் காலத்துத் தட்டுகளோ டம் டம் தொழிற்சாலைத் தட்டுகளோ, அவற்றின் பள்ளம் அகலம். ஊசியும் அகலமானது வேண்டும். 1954-க்கு முற்பட்டவற்றுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவும் பொருந்தாது. எல்.பி. ஊசியை வைத்துத் தேய்த்தால் தட்டும் கெடும், ஊசியும் கெடும்.

பொருள்களுக்குச் சென்னை ரிச்சி தெருவோ, பெங்களூர் எஸ்.பி. ரோடோ, மும்பை லாமிங்டன் ரோடோ போகலாம், தபாலிலும் வரவழைக்கலாம். தபாலில் வராதது ஒன்று உண்டு. வால்வு ரேடியோவும் மைக் செட்டும் ரிப்பேர் செய்து பிழைத்த மெக்கானிக்குகள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், மின்சாரம் கொடுக்குமுன் உங்கள் சர்க்யூட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத நாலு விஷயங்களை அவர் சொல்வார். அவர் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.