முதல் பூட்டு வீட்டில்: துப்பாக்கிச் சட்டங்களும் பள்ளிப் பாதுகாப்பும் குறித்து எங்கள் நிலைப்பாடு

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும், சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. எந்தக் கட்சியையும் சாராதது. தேர்தலில் யாருக்கும் ஆதரவு கேட்காதது. எங்கள் வகுப்புகள் பலவும் வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில் நடக்கின்றன. வார நாட்களில் எங்கள் பிள்ளைகள் அதே மாதிரி வகுப்பறைகளில்தான், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்ற லாக்டவுன் ஒத்திகை பார்க்கிறார்கள். ஆசிரியர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சத்தம் காட்டாமல் இருக்கப் பழகுகிறார்கள். மழலையர் வகுப்புக் குழந்தைக்கும் இது பாடத்திட்டத்தில் ஒரு பகுதிபோல் ஆகிவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டு எங்களால் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றிய விவாதத்திலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது.

எங்கள் நிலைப்பாடு சுருக்கமாக இதுதான்: பள்ளிக்குள் வரும் துப்பாக்கி பெரும்பாலும் ஒரு வீட்டிலிருந்து வருகிறது. ஆகவே, சிறுவர் கைக்கு எட்டக்கூடிய இடத்தில் உள்ள ஒவ்வொரு துப்பாக்கியையும் பூட்டி வைப்பது எல்லா மாநிலங்களிலும் சட்டக் கடமையாக வேண்டும். ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக அகற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். 21 வயது ஆகாதவருக்கு அரைத் தானியங்கி ரைஃபிள் விற்கக் கூடாது. ஆசிரியர் கையில் துப்பாக்கி கொடுப்பதை நாங்கள் எதிர்க்கிறோம்.

துப்பாக்கி எங்கிருந்து வருகிறது

அதிபருக்குப் பாதுகாப்பு தரும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பின் ஆய்வு மையம், 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் திட்டமிட்டு நடத்தப்பட்ட 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி ஏந்தியவர்களில் நான்கில் மூன்று பேர் அதைத் தம் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். துப்பாக்கி பயன்பட்ட நிகழ்வுகளில் ஏறத்தாழ பாதியில், அது எளிதாக எடுக்கும்படியாகவோ சரியாகப் பூட்டப்படாமலோ இருந்தது.

நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன், தன் தாய் சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகளையே எடுத்துப் போனான். 2018 மே மாதம் டெக்சஸின் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேரைப் பலிவாங்கியவை, மாணவனின் தந்தைக்குச் சொந்தமான துப்பாக்கிகள். 2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில், ஆறே வயதுச் சிறுவன் வகுப்பறையில் தன் ஆசிரியையைச் சுட்டான். அவன் கையில் இருந்தது தாயின் கைத்துப்பாக்கி.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 2021 நவம்பர் 26, நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். பதினைந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போன தந்தை 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். நான்கு நாள் கழித்துக் காலையில், கணக்குப் பாடத்தாளில் அந்த மாணவன் துப்பாக்கியின் படத்தையும் உதவி கேட்கும் சொற்களையும் கிறுக்கியிருந்ததை ஆசிரியை கண்டார். பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்பட்டார்கள். வீட்டில் புதுத் துப்பாக்கி இருப்பதை அவர்கள் சொல்லவில்லை. மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவும் இல்லை. அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்று பிற்பகலில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள்.

2024இல் அந்தப் பெற்றோர் இருவரும் தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் சிறைத் தண்டனை பெற்றார்கள். பிள்ளை நடத்திய பள்ளிப் படுகொலைக்குப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தந்தையின் வழக்கில் அரசு வழக்குரைஞர் ஒரு துப்பாக்கியில் கேபிள் பூட்டை மாட்டி ஜூரிக்குக் காட்டினார். அதற்குச் சில விநாடிகள்தான் ஆயின.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி விற்கும்போது, கூடவே பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அதை மாட்டியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ரைஃபிளுக்கு அந்த விதியும் இல்லை. பூட்டைக் கொடுப்பது கட்டாயம், பூட்டுவது விருப்பம் என்ற இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளித் தாக்குதல் செய்தியாகிறது. வீட்டுக்குள் நடப்பது செய்தியாவதில்லை. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளோரின் சாவுக்கு முதற்காரணம் துப்பாக்கி. அந்தச் சாவுகளில் பள்ளி வளாகத்தில் நிகழ்பவை மிகச் சிறு பங்கு. மனம் உடைந்த பிள்ளை அப்பாவின் துப்பாக்கியால் தன்னையே மாய்த்துக்கொள்வதும், விளையாட்டாகத் தம்பி அக்காவைச் சுட்டுவிடுவதும் அதே பூட்டாத அலமாரியால் நேர்பவை. துப்பாக்கிக் கொள்கை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ராண்ட் நிறுவனம், சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோர் தற்கொலையையும் தற்செயல் காயங்களையும் குறைக்கின்றன என்ற முடிவுக்கு வலுவான ஆதாரம் உண்டு என்கிறது.

பூட்டு மட்டும் போதாது

எல்லாத் துப்பாக்கியும் வீட்டிலிருந்து வருவதில்லை. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேரைக் கொன்ற 19 வயதுக்காரனும், 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற 18 வயதுக்காரனும் கடையில் சட்டப்படி ரைஃபிள் வாங்கியவர்கள். உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயது ஆகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அதே சட்டப்படி, அதே கடையில் ரைஃபிள் வாங்கப் பதினெட்டு வயது போதும். இந்த வேறுபாட்டுக்கு எங்களுக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

பார்க்லேண்ட் கொலைகாரனைப் பற்றி ஒரு மாதம் முன்பே எஃப்.பி.ஐ.க்கு எச்சரிக்கைத் தகவல் வந்திருந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்காமல் விட்டதை அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. இப்படி ஆபத்தானவரின் துப்பாக்கியைக் குறித்த காலத்துக்கு அகற்றிவைக்க நீதிபதியிடம் உத்தரவு கேட்கும் வழியே ‘ரெட் ஃப்ளாக்’ சட்டம். கனெக்டிகட் இதை முதலில் 1999இல் கொண்டுவந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பார்க்லேண்டுக்கு அடுத்த மாதமே, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட ஃபுளோரிடா சட்டமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றித் துப்பாக்கி வாங்கும் வயதையும் 21 ஆக்கியது. அதே கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். இதைக் கட்சிச் சண்டையாகப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு சான்று போதும்.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் இடம் தராது என்கிறார்கள். வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நாங்கள் ஏற்கிறோம். அவசரத்துக்குக்கூட எடுக்க முடியாதபடி எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும் என்ற தலைநகரின் விதியை அந்தத் தீர்ப்பு நீக்கியது. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும், பள்ளிகளில் துப்பாக்கிக்குத் தடை விதிப்பதைத் தீர்ப்பு ஐயப்படவில்லை என்றும், விபத்தைத் தடுக்கத் துப்பாக்கி வைப்புமுறையை ஒழுங்குசெய்யும் சட்டங்கள் இதனால் செல்லாமல் போகவில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. 2024இல் ரஹிமி வழக்கில், பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஏற்றார்கள். நாங்கள் கேட்பது இந்த எல்லைக்குள் அடங்குகிறது.

ஆசிரியர்களுக்கு ஆயுதம் கொடுத்தால் பள்ளி பாதுகாப்பாக இருக்கும் என்கிறார்கள். நாஷ்வில் கவனன்ட் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டதற்கு மறு ஆண்டு, 2024இல், டென்னசி மாநிலம் இதற்கு வழிவிட்டுச் சட்டம் இயற்றியது. ஆனால் 1999இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளிப் படுகொலையின்போதே ஆயுதமேந்திய காவலர் பணியில் இருந்தார். பார்க்லேண்டிலும் இருந்தார். யுவால்டி ராப் தொடக்கப் பள்ளிக்கு 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக் கதவைத் தாண்டிக் கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் தயங்கி நின்ற இடத்தில், முப்பது குழந்தைகளை அணைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியை குறிபார்த்துச் சுட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. வகுப்பறைக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு மாணவன் கையில் சிக்கக்கூடிய துப்பாக்கி என்பதையும் மறக்கக் கூடாது.

கட்டடப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் வைண்டரில் உள்ள அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில், ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு கொடுத்திருந்த அவசர அழைப்புப் பொத்தான்களை ஆசிரியர்கள் அழுத்தினார்கள். பள்ளிக் காவலர்கள் விரைந்து வர, பதினான்கு வயது மாணவன் சரணடைந்தான். அதனால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் அதற்குள் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்திருந்தார்கள். மகனுக்கு ரைஃபிளைப் பரிசாகக் கொடுத்ததாகத் தந்தைமீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. பள்ளி வாசலில் தடுப்பது கடைசி வாய்ப்பு. அதற்கு முன் இருந்த வாய்ப்புகளெல்லாம் அந்த வீட்டில் இருந்தன.

எல்லாம் மனநலப் பிரச்சினை என்போருக்கு: பள்ளிகளில் உளவியல் ஆலோசகர்கள் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மன உளைச்சல் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்தால் உதவி கேட்கவே அஞ்சுவார்கள். முன்கூட்டி முறியடிக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களைச் சீக்ரெட் சர்வீஸ் 2021இல் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் உடன் படிக்கும் மாணவர்களே முதலில் கவனித்துச் சொன்னது தெரியவந்தது. பிள்ளைகள் நம்பிச் சொல்லும் ஒரு பெரியவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. சிறுவர் இருக்கும், அல்லது வந்துபோகும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதை எல்லா மாநிலங்களும் சட்டமாக்க வேண்டும். மிச்சிகனில் 2024 பிப்ரவரி முதல் இத்தகைய சட்டம் நடப்பில் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் ஒரே விதி வேண்டும். பூட்டும் பெட்டியும் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அரசு இலவசமாகத் தர வேண்டும்.

2. அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்கும் வயது நாடு முழுவதும் 21 ஆக வேண்டும். 2022இல் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய கூட்டாட்சிச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குக் கூடுதல் பின்புலச் சோதனையைக் கொண்டுவந்தது. அது நல்ல தொடக்கம், முடிவு அல்ல.

3. தனியாரிடம் வாங்கும் துப்பாக்கிக்கும் பின்புலச் சோதனை கட்டாயமாக வேண்டும். கொலம்பைன் கொலைகாரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்த, துப்பாக்கிச் சந்தையில் தனியார் விற்ற துப்பாக்கிகள் சோதனையின்றியே கைமாறின.

4. ரெட் ஃப்ளாக் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் வர வேண்டும். துப்பாக்கியை இழப்பவர் நீதிபதி முன் தன் தரப்பைச் சொல்லும் உரிமையும், காலக்கெடுவும் அதில் உறுதியாக இருக்க வேண்டும்.

5. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றிப் பள்ளி மாவட்டங்கள் ஆண்டுதோறும் பெற்றோருக்கு எழுத வேண்டும். கலிஃபோர்னியா இதை ஏற்கெனவே சட்டமாக்கியிருக்கிறது. பள்ளிக் கடிதங்கள் தமிழ் உட்படப் பெற்றோருக்குத் தெரிந்த மொழிகளிலும் வர வேண்டும்.

6. லாக்டவுன் ஒத்திகையை முன்கூட்டியே அறிவித்து, வயதுக்கேற்ப நடத்த வேண்டும். போலித் துப்பாக்கிச் சத்தமும் போலிக் கொலைகாரனும் குழந்தைகள் முன் வேண்டவே வேண்டாம்.

எங்கள் பங்கு

சட்டமன்றத்திடம் கேட்பதை முதலில் எங்கள் வீடுகளில் செய்ய வேண்டும். நம்மவர்களிலும் கடை நடத்துவோர், ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குடியிருப்போர் எனத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களை நாங்கள் பழிக்கவில்லை. தோட்டாவை நீக்கி, பூட்டி, தோட்டாவைத் தனியே இன்னொரு பூட்டுக்குள் வைக்கச் சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரையை அவர்கள் பின்பற்ற வேண்டும்.

பிள்ளையை நண்பர் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?’ என்றும் அதே குரலில் கேட்கப் பழக வேண்டும். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று தயங்குவது நம் பண்பாட்டில் மரியாதையாகக் கருதப்படுகிறது. பிள்ளை உயிர் விஷயத்தில் அந்த மரியாதையை விட்டுவிடலாம். எங்கள் தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் படிவத்தோடு இனிப் பாதுகாப்பான வைப்புமுறை பற்றிய தாளும் இணைக்கப்படும். மாணவர் ஒருவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு நினைப்பதாகத் தெரிந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரப்படும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடுபவர்கள் எந்நேரமும் அழைக்கக்கூடிய 988 என்ற எண் ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டப்படும்.

பெற்றோரைச் சிறைக்கு அனுப்பும் தீர்ப்புகள் வந்துவிட்டன. அவை நீதி, ஆனால் பிள்ளைகளைப் புதைத்த பின் கிடைத்த நீதி. அதற்கு முன்னரே வேலை செய்யும் சட்டத்தை நாங்கள் கேட்கிறோம். பூட்டி வைக்கும் சட்டம் இன்னும் வராத மாநிலங்களில் வாழும் எங்கள் உறுப்பினர்கள், இந்த அறிக்கையோடு தத்தம் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து, வரும் கூட்டத்தொடரில் அந்தச் சட்டத்துக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்பார்கள். அவர்கள் தரும் பதிலை, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், எங்கள் உறுப்பினர்கள் அனைவருக்கும் பெயரோடு தெரிவிப்போம்.