பி.காம். படித்தவனும் அலைவரிசை உண்டாக்கலாம்

"வாட்ஸ்அப் காலத்துல ஹாம் ரேடியோவா?" என்று இங்கே துபாயில் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் நிலச்சரிவு. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். வெளியே சேதி தெரிந்தது மறுநாள் காலையில்தான். 2018 வெள்ளத்தில் பாலக்காட்டு நெல்லியாம்பதியும் இப்படித்தான் துண்டானது.

எஸ்டேட்டுக்கு ஒரு லைசென்ஸ்காரர், ஒரு கார் பேட்டரி, ஒரு ஹெச்.எஃப். செட். இதுதான் என் கட்சி. வி.ஹெச்.எஃப். மலையில் முட்டி நின்றுவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும். (ராத்திரியில் 3.5க்கு மாறவேண்டி வரும்.)

செட்டுக்குக் காசு? ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் 'பிட்எக்ஸ்' வடிவத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார், நாமே கட்டிக்கொள்ளலாம். பழைய காயில்-கண்டென்சர் வி.எஃப்.ஓ.தான் தொல்லை, குளிருக்கும் வெயிலுக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு வந்தது 'ராடுயினோ'. ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரு எஸ்ஐ5351 சிப், அவ்வளவே. 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பெருக்கி, வகுத்து, கேட்ட அலைவரிசையைத் தரும். எந்தெண்ணால் பெருக்கி எதால் வகுப்பது என்று சிப்புக்குச் சொல்வது நானோ. கூட்டுவட்டி போடுகிறவனுக்கு இதில் என்ன பயம்? :-)

தேர்வெழுத 12 வயது போதும், பட்டம் கேட்பதில்லை. மோர்ஸ் வேண்டாமென்றால் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு இருக்கிறது. மூணாறு பக்கம் தெரிந்த வாத்தியார் யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள்.